எனக்கென்றே செய்த உகுலேலே கைக்கு வந்துவிட்டது (கோஆ மரம், பூவரசு ஓரம்)

கடலோரத்தி (ஹொனலுலு), சனி, மாலை 6.10

வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே பட்டறைக்குப் போய் வாங்கி வந்தேன். எட்டு மாதக் காத்திருப்பு. வீட்டுக்கு வந்து உறையைத் திறந்ததிலிருந்து ராத்திரி ஒன்றரை மணி வரை கீழே வைக்கவில்லை. இங்கே உகுலேலே (நாலு கம்பிச் சின்ன கிட்டார்) வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏன் செய்யச் சொன்னேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஊரில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து இடது கை ஆள்காட்டி விரல் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் நடுக்கணு முழுசாக நீளாது, லேசான வளைவு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஒரே விரலை மூன்று நாலு கம்பிமேல் படுக்கவைக்கிற பேர் கார்டுகள் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) எல்லாமே எனக்குச் சிக்கல். அதில் ஒன்றான பி மைனர் பிடித்தால் நடுவில் ஒரு கம்பி ஊமையாகிவிடும். கடையில் வாங்கிய டெனர் (பெரிய அளவு உகுலேலே) ஒன்று மூன்று வருடமாக இருந்தது, நல்ல வாத்தியம்தான். அதில் பி மைனர் வருகிற பாட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பக்கத்தில் வீட்டுப் பின்கட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் பற்றி உடன் வேலை செய்யும் தோழி சொன்னாள். முதல் நாள் போனபோது மரம், விலை எதையும் அவர் பேசவில்லை. 'வாசி' என்றார். வாசித்தேன். அவர் பாட்டைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை, என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பழுப்புக் காகிதத்தை மேசைமேல் விரித்து, என் கையை அதில் வைக்கச் சொல்லி, பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வரைந்தார். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு கோடு போட்டார். அந்த விரலை மட்டும் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லி, அதன் வளைவைத் தனியாக வரைந்துகொண்டார்.

அந்தக் காகிதத்திலிருந்துதான் இந்த வாத்தியம் பிறந்தது. மெட்டுப் பலகை, அதாவது கம்பியை விரலால் அழுத்துகிற, உலோக மெட்டுகள் பதித்த பலகை, பொதுவாகத் தட்டையாக இருக்கும். எனக்கு அதை நடுவில் மேடாக இழைத்திருக்கிறார். விரல் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதற்குப் பொருந்துகிற மேடு. உடம்பு டெனர் அளவு. கம்பி நீளம் மட்டும் அதைவிடச் சின்னதான கான்சர்ட் அளவு, அதாவது டெனரின் 17 அங்குலத்துக்குப் பதில் 15 அங்குலம். அதே சுருதிக்குக் கம்பி குட்டையானால் இழுவிசை குறையும், அழுத்துவது சுலபம். 12ஆவது மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர்.

வியாழன் ராத்திரி முதலில் பிடித்தது பி மைனர். நாலு கம்பியும் பேசின. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

மரம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உடம்பு முழுக்கக் கோஆ. (கோவா என்று எழுதினால் ஊர்ப்பெயராகிவிடும், அதனால் இப்படி எழுதுகிறேன்.) ஹவாய்த் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம், அகேசியா இனம். ஓரத்துப் பட்டைக்கும் தலைப் பலகைக்கும் வேறு மரம் போடலாம் என்று சொல்லி ஒரு செம்பழுப்புத் துண்டை எடுத்துக் காட்டினார். 'மிலோ' என்றார். பட்டறை வாசலிலேயே அந்த மரம் நிற்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார். இதய வடிவ இலை, மஞ்சள் பூ, நேற்றுப் பூத்தது செந்நிறமாக வாடிக் கிடக்கிறது.

பூவரசு!

ஒரு இலையைப் பறித்துச் சுருட்டி, நுனியை அமுக்கி, பீப்பீ ஊதிக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நான் வாசித்த முதல் வாத்தியம் அதுதானே. அந்த மரமே இப்போது இதன் ஓரம் முழுக்க ஓடுகிறது.

நாலுகம்பி (சென்னை), சனி, இரவு 8.45

அக்கா, வாழ்த்துகள்! பி மைனர் வரியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடமும் வாசித்துக் காட்டினேன்.

கேள்விகள் வரிசையாக வருகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். எடை எவ்வளவு? என்ன நரம்பு? ஜி கம்பி (நாலாவது கம்பி) உச்ச சுருதியா, தாழ்வா? விலை சொல்லலாமென்றால் சொல்லுங்கள். ஒலி எப்படி, பழைய டெனரோடு ஒப்பிட்டால்?

கணக்குப்பிள்ளை (மதுரை), சனி, இரவு 10.20

வாழ்த்துகள் சகோதரி. விரல் விஷயம் படித்தபோது நியாயம் புரிந்தது. மருத்துவக் காரணம் இருக்கிறவர்களுக்குச் செய்துகொள்வதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது 5,500 ரூபாய் லேமினேட் கான்சர்ட். ஒட்டுப்பலகை. ஐந்து வருடமாக மதுரை வெயிலிலும் மழையிலும் சுவரில் தொங்குகிறது, ஒரு விரிசல் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில்தான் சொல்லித்தருகிறேன். கையால் செய்த முழுமரப் பெட்டியை வாங்கிவிட்டு, ஈரப்பதம் பார்க்கும் கருவியும் கையுமாகத் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாத்தியம் வாசிப்பதற்கு, காவல் காப்பதற்கு அல்ல. புதிதாகக் கற்க வருகிற பிள்ளை இந்த இழையைப் பார்த்துவிட்டு 'நல்லது வாங்கினால்தான் வாசிப்பு வரும்' என்று நினைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

கடலோரத்தி, ஞாயிறு, காலை 7.30

நாலுகம்பி, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 590 கிராம். ஃப்ளூரோகார்பன் நரம்பு. மீன்பிடி நரம்பு செய்கிற அதே பொருள்தான். ஜி உச்சம். நாலாவது கம்பி தாழ்வாக இல்லாமல் மேலே நிற்கிறதே, அந்தச் சிணுங்கல் இல்லாவிட்டால் எனக்கு உகுலேலே கேட்ட மாதிரியே இருக்காது. விலை 1,600 டாலர். பாதி முன்பணம், பாதி வாங்கும்போது. ஒன்றரை வருடம் சேர்த்தேன்.

ஒலியைப் பழையதோடு ஒப்பிட எனக்குத் தகுதி இல்லை. கை நிம்மதியாக இருப்பதால் நான் வாசிப்பதே மாறிவிட்டது. எது மரத்தின் ஒலி, எது என் நிம்மதியின் ஒலி என்று என்னால் பிரிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொல்வதில் முக்கால்வாசியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பிக்கிறவர்களுக்கு லேமினேட்தான் சரி. என் பழைய டெனரை இங்கே பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்தாகிவிட்டது, அவளுக்கு அது போதும், அதற்கு மேலும். மீதிக் கால்வாசி மட்டும் சொல்கிறேன். இந்தப் பெட்டியில் எந்த இடத்தைத் தொட்டாலும், அந்த இடம் ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கழுத்தின் பின்பக்கம், கட்டைவிரல் உட்காருகிற இடத்தில், ஒரு பக்கம் மட்டும் ஒரு இழை மெலிந்திருக்கும். நாலாவது முறை போனபோது, என் கட்டைவிரல் அங்கே சிவந்திருந்ததைப் பார்த்து, அங்கேயே உப்புத்தாளை எடுத்து நாலு தேய் தேய்த்துக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொருளோடும் எனக்கு இப்படி ஒரு உறவு இருந்ததில்லை.

தஞ்சைத் தச்சன் (கும்பகோணம்), ஞாயிறு, காலை 11.05

வணக்கம். இதுவரை படிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். மரவேலைக் குடும்பம். அப்பா ஜன்னல் கதவு, தாத்தா மாட்டுவண்டி. மாமா ஒருவர் தஞ்சாவூரில் வீணை வேலை, சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கே போய் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா 'மெட்டு' என்று எழுதியதும் கை பரபரத்தது. வீணையில் 24 மெட்டு, மெழுகுமேல் உட்காரும். மெழுகு இளகினால் மறுபடி பதிக்கலாம், நகர்த்தலாம். உகுலேலேயில் பலகையை அறுத்து உள்ளே இறக்கிவிடுகிறார்கள், ஒரு தரம் இறக்கினால் இறக்கியதுதான். அப்படியானால் அளவில் மயிரிழை பிசகக் கூடாது. இதற்கு என்ன கணக்கு வைக்கிறார்கள்?

இன்னொன்று. வீணைக் குடம் பலாக்கட்டையைக் குடைந்து எடுப்பது. ஒரே கட்டையில் குடமும் தண்டியும் எடுத்தால் ஏகாண்ட வீணை. உங்கள் பெட்டிக்குப் பக்கப் பலகையை வளைத்திருப்பார்களே, எப்படி வளைக்கிறார்கள்? மெல்லிசுப் பலகையை வளைத்தால் நார் பிளக்குமே.

பூவரசு என்றதும் தாத்தா ஞாபகம். வண்டி வேலைக்கு அந்த மரத்தைத்தான் தேடுவார். பாட்டுக்கு ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கடலோரத்தி, ஞாயிறு, மாலை 4.40

ஐயா, நீங்கள் கேட்டதைப் பார்த்துவிட்டு இன்று பட்டறைக்கே போய்க் கேட்டு வந்தேன்.

மெட்டுக் கணக்கு: கம்பியின் மொத்த நீளத்தை 17.817ஆல் வகுக்க வேண்டும். எனக்கு 381 மில்லிமீட்டர். வகுத்தால் 21.4. தலைப்பக்க எலும்புத் துண்டிலிருந்து அங்கே முதல் மெட்டு. மீதி 359.6ஐ மறுபடி 17.817ஆல் வகுத்தால் 20.2, அது இரண்டாவது. இப்படியே போனால் 12ஆவது மெட்டு சரியாகப் பாதியில், 190.5இல் வந்து நிற்கும். அங்கே வரவில்லையென்றால் எங்கோ பிசகு. ஒவ்வொன்றையும் முந்தைய மெட்டிலிருந்து அளக்காமல் தலையிலிருந்தே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்று அழுத்திச் சொன்னார்.

வளைப்பது: உள்ளே சூடு வைத்த இரும்புக் குழாய். பலகையை ஈரத்துணியால் துடைத்து, குழாய்மேல் வைத்து மெதுவாக அழுத்துகிறார். பெட்டி நடுவில் குறுகுகிற இடுப்புப் பக்கம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுகிறார். மரம் 'விட்டுக்கொடுக்கிற' நொடி கையில் தெரியும் என்கிறார். பக்கப் பலகை ஏறக்குறைய இரண்டு மில்லி கனம்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று பிளந்தது. ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

வீணையின் பிருடை போலவே பழைய உகுலேலேக்களுக்கும் வெறும் மரமுளைதான் இருந்திருக்கிறது, இறுக்கத்திலேயே நிற்கும். எனக்குப் பல்சக்கரம் வைத்த முறுக்காணி.

குளிர்நாடன் (டொரோண்டோ), ஞாயிறு, இரவு 9.15

அக்கா, வாசிக்க நல்ல சந்தோசமாக இருக்கு. நானும் இஞ்ச ஒராளிட்டச் சொல்லிச் செய்விச்சு வைச்சிருக்கிறன். அதால ஒரு எச்சரிக்கை எழுதத்தான் வந்தனான்.

முதல் பனிக்காலம். வீட்டுக்குள்ள ஹீட்டர். வெளியில பனி கொட்டினாலும் உள்ளுக்குக் காத்து காய்ஞ்சு போய் இருக்கும் எண்டு எனக்கு விளங்கேல்ல. உகுலேலேயை வடிவா ஸ்டாண்டில ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சிட்டன். தை மாசம் ஒரு நாள் எடுத்து வாசிக்கேக்க இடது கையில என்னவோ கீறுது. பார்த்தால் மெட்டுகளின்ர முனையெல்லாம் பலகைக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது. மரம் சுருங்கிட்டுது, உலோகம் சுருங்கேல்ல. அண்டைக்கே நான் முழிச்சிருக்க வேணும். ரெண்டு கிழமை கழிச்சு, ராத்திரி படுத்திருக்கேக்க 'டக்' எண்டொரு சத்தம். காலமை பார்த்தால் குதிரைக்கு (கம்பி கட்டுற கட்டை) கீழ முன்பலகையில விரல் நீளத்துக்கு வெடிப்பு.

செய்து தந்தவர் ஏசேல்ல. ஈரம் ஏத்தி வெடிப்பை மூட வைச்சு, உள்ளுக்குச் சின்னச் சின்ன மரத்துண்டு குறுக்கால ஒட்டித் தந்தார். இப்ப வெளிச்சத்தில சரிச்சுப் பார்த்தால் மட்டும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில இப்ப எனக்கு ஒரு பாசம்.

50 வீதத்துக்கு அண்டின ஈரப்பதம்தான் நல்லம். நான் சவர்க்காரப் பெட்டியில ஓட்டை போட்டு, நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பொஞ்ச் வைச்சுக் கேசுக்குள்ள போடுறன். நீங்கள் எப்பவாவது குளிர் ஊருக்கு மாறினால் முதல் இதைச் செய்யுங்கோ.

பூவரசு பற்றி: எங்கட ஊர் வேலி முழுக்கப் பூவரசங் கதியால்தான். அந்த மரத்தில வாத்தியமோ எண்டு அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னன். 'ஆட்டுக்கு இலை ஒடிக்கிற மரமெல்லோ' எண்டா. பிறகு கனநேரம் வேலியைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருந்தா.

சிங்கை சுருதி (சிங்கப்பூர்), திங்கள், காலை 8.00

பூவரசோடு நிறுத்தாதீர்கள்! ஹவாயில் 'கமானி' என்று சொல்வது நம் புன்னை. 'மங்கிபாட்' என்பது நம் தூங்குமூஞ்சி மரம், இங்கே சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்பது அதுதான். அதிலும் அங்கே உகுலேலே செய்கிறார்கள். மாமரத்திலும் செய்கிறார்கள், என்னுடையது மாமரம்தான், மஞ்சளில் கருங்கோடு ஓடும். கோஆவுக்கு மிக நெருங்கிய உறவான ஆஸ்திரேலியக் கருமரம், மெலனாக்சிலான், நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் நட்டது இன்றும் நிற்கிறது. ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்.

வரலாறு கொஞ்சம் சொல்லலாமா? 1879 ஆகஸ்ட் 23, ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுவில் வந்து நின்றது. போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு 400க்கும் மேற்பட்டவர்கள். அதில் மூன்று பேர் மரவேலை தெரிந்தவர்கள்: மானுவல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஊர்ச் சின்னக் கம்பி வாத்தியமான மஷெட்டைக் கோஆ மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் உகுலேலே. அரசர் கலாகௌவா அரண்மனை விருந்துகளில் அதற்கு இடம் கொடுத்தார், அதனால் ஹவாய் மக்கள் அதைத் தங்களுடையதாகவே ஏற்றுக்கொண்டார்கள். 'உகு' தெள்ளுப்பூச்சி, 'லேலே' தாவுவது. கடைசி அரசி லிலியுஓகலானி மட்டும் 'இங்கே வந்த பரிசு' என்று பொருள் சொன்னார். எனக்கு அரசி சொன்னதுதான் பிடிக்கும்.

கடலோரத்தி, திங்கள், காலை 9.25

சுருதி, அந்த 1879 என்னை விடுவதே இல்லை. அதே ஆண்டு மே மாதம்தான் லியோனிடாஸ் கப்பல் பிஜியில் போய் நின்றது, இந்தியாவிலிருந்து கரும்புக்காக ஆள் ஏற்றிக்கொண்டு. அதற்கு 19 வருடம் முன், 1860இல், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம்மவர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோனது. எல்லாம் அதே கரும்பு. அந்தக் கப்பல்களிலும் தச்சு வேலை தெரிந்தவன், பாட்டுத் தெரிந்தவன் ஏறியிருப்பான் இல்லையா? இந்தப் பெட்டியை மடியில் வைத்திருக்கும்போது அந்த யோசனை வராமல் இருப்பதில்லை.

நூனெஸிடம் தொழில் கற்ற சாமுவேல் காமகா 1916இல் சொந்தப் பட்டறை வைத்தார். அன்னாசிப் பழ வடிவ உகுலேலே அவருடையது. அந்தக் குடும்பம் இன்றும் ஹொனலுலு சவுத் தெருவில் செய்துகொண்டிருக்கிறது, போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே காது கேளாத தொழிலாளர்கள் பல காலம் வேலை பார்த்திருக்கிறார்கள். பலகையைத் தட்டி, அதிர்வை விரல் நுனியில் உணர்ந்து கனம் சரியா என்று சொல்வார்களாம். என் பெரியவரும் பலகையைத் தட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

வேப்பமரத்து நிழல் (கோவை), திங்கள், மாலை 5.50

எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. செய்யக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருவரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன். யார், எந்த ஊர் என்பது வேண்டாம். மரம் அறுத்த படம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு 'அடுத்த மாதம்', 'அடுத்த மாதம்'. ஒன்றே முக்கால் வருடம் கழித்துப் பாதிப் பணம் திரும்பி வந்தது. பணத்தை விட, அந்தக் காலம் முழுக்க எந்த வாத்தியத்தையும் தொட மனசு வராமல் இருந்ததுதான் எனக்கு நஷ்டம்.

அக்கா செய்த முறை சரியான முறை. பட்டறைக்கு நேரில் போயிருக்கிறார், அவர் செய்து முடித்த வாத்தியத்தைப் பார்த்திருக்கிறார், பாதிதான் முன்பணம். அளவு, மரம், நாள் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மெட்டுப் பலகை என்ன மரம் என்று கேளுங்கள். 2017 ஜனவரியில் ஈட்டி மர இனம் முழுவதையும் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற உலக ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்தபோது வாத்தியங்களெல்லாம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. 2019 நவம்பரில் முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்துவிட்டது. ஆனாலும் மரத்தின் பெயர் ரசீதில் இருப்பது நல்லது.

நாலுகம்பி, திங்கள், இரவு 7.10

நிழல் அண்ணா, அந்த வலி புரிகிறது. இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?

வேப்பமரத்து நிழல், திங்கள், இரவு 7.32

மகனுடைய சோப்ரானோ, சின்ன அளவு உகுலேலே. அவன் பள்ளிக்குப் போனதும் எடுத்துக்கொள்வேன். மறுபடி தொட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது.

கணக்குப்பிள்ளை, செவ்வாய், காலை 6.50

இரண்டு நாளாக இந்த இழை மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுமரம் வாசிக்க வாசிக்க 'திறக்கும்', ஒலி வளரும் என்று எல்லோரும் சொல்வதை நான் நம்பவில்லை, இன்னமும் நம்பவில்லை. கண்ணைக் கட்டிக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது சந்தேகம்தான். ஆனால் சகோதரி ஒலியைப் பற்றி ஒரு வரிகூடப் பெருமை பேசவில்லை என்பதைக் கவனித்தேன்.

என் வகுப்பில் ஒரு பையன், வலது கையில் மூன்று விரல்தான். அவனுக்கு 5,500 ரூபாய்ப் பெட்டியையே கம்பி மாற்றிக் கட்டிக் கொடுத்து, இடது கையால் மீட்ட வைத்திருக்கிறேன். நேற்று அவன் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து பார்த்தேன். எந்தக் கம்பி எந்த விரலுக்கு எட்டவில்லை என்பது அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. நான் இரண்டு வருடமாகப் பார்க்காதது. தலைப்பக்க எலும்புத் துண்டை மட்டும் மாற்றி, கம்பிகளை இன்னும் நெருக்கிப் போட்டால் அவனுக்கு எட்டும். அந்தத் துண்டு செய்ய யாராவது உதவ முடியுமா?

தஞ்சைத் தச்சன், செவ்வாய், காலை 7.15

அனுப்புங்கள் சார். பழைய துண்டையும், பையன் கைப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எலும்பு நான் பார்த்துக்கொள்கிறேன். காசு பேச வேண்டாம்.

சிங்கை சுருதி, செவ்வாய், மாலை 6.30

கடலோரத்தி, நீங்கள் இணைத்த படத்தில் முன்பலகை பளபளக்காமல் மெல்லிய மினுக்கமாக இருக்கிறதே, என்ன பூச்சு? அப்புறம் ஒரு ஆசைக் கேள்வி: ஒலித் துவாரத்துக்குள் லேபிள் தெரிகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது?

கடலோரத்தி, புதன், காலை 7.05

பூச்சு அரக்கு. சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் தொட்டு, சுற்றிச் சுற்றித் தேய்த்தே ஏற்றுவது. நம் ஊர் மரச்சாமான்களுக்குப் போடுகிற பிரெஞ்சு பாலிஷ்தான். அரக்கு இந்தியாவிலிருந்து வருவது என்று டப்பாவைக் காட்டினார். வியர்வைக் கை பட்டால் மங்கும், அதனால் வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்துவிடுகிறேன். வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் ஒருபோதும் விடாதே, பசை இளகிவிடும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

லேபிளில் அவர் கையெழுத்தில் வரிசை எண்ணும் மாதமும். அவ்வளவுதான் வெளியிலிருந்து தெரிவது.

பின்பலகையை ஒட்டி மூடுவதற்கு முந்தின நாள் கூப்பிட்டார். 'இனி இந்த உள்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, ஏதாவது எழுத வேண்டுமென்றால் இப்போது எழுது' என்று பென்சிலைக் கொடுத்தார். நான் யோசித்துக்கொண்டு போகவே இல்லை. கை தானாக அப்பத்தா பெயரைத் தமிழில் எழுதியது, முன்பலகையின் அடிப்பக்கத்தில், குதிரைக்கு நேர் கீழே. நாத்து நடும்போது அப்பத்தா பாடுவதைக் கேட்டுத்தான் எனக்குப் பாட்டு என்று ஒன்று இருப்பதே தெரியும். கம்பியைத் தொட்டால் முதலில் அதிர்கிற இடம் அதுதான் என்று அவர் பிறகு சொன்னார். எனக்கு முன்னமே தெரியாது.

பல் மருத்துவர் வைத்திருக்கிற மாதிரிச் சின்னக் கண்ணாடியைத் துவாரத்துக்குள் விட்டால் பார்க்கலாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

குளிர்நாடன், புதன், இரவு 8.50

அக்கா, என்ர வெடிப்பைத் திருத்தினவர் உள்ளுக்கு ஒட்டின துண்டில திகதி எழுதி வைச்சிருக்கிறார். இவ்வளவு நாளும் நான் அதைச் சொல்லேல்ல. இண்டைக்குக் கண்ணாடி வைச்சுத் திரும்பவும் பார்த்தன்.

தஞ்சைத் தச்சன், மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 1.20

மதுரைப் பையனுக்கான துண்டு போன வாரம் போய்ச் சேர்ந்தது. சார் போன் செய்தார். சி கார்டு முழுசாகக் கேட்டதாம். பையன் போனை வாங்கி வாசித்தும் காட்டினான்.

இன்னொரு சேதி. தாத்தா காலத்துப் பூவரசுப் பலகை ஒன்று, வண்டிக்கு என்று வாங்கி வேலை வராமல் போனது, பரணில் கிடந்தது. முப்பது வருடத்துக்கு மேல் காய்ந்த மரம். அறுத்து இழைத்து இரண்டரை மில்லிக்குக் கொண்டுவந்தேன். ஒரு மூலையில் பிடித்துத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினேன். நான் கதவுப்பலகை தட்டிப் பழகியவன், 'டொக்' என்று கேட்கும் என்றிருந்தேன். கேட்டது வேறு. வீட்டுக்காரி சமையலறையிலிருந்து 'என்ன மணி அடிக்கிறீங்க' என்றாள்.

இரும்புக் குழாய்க்கு பழைய ஜெட் பம்பு பைப்புத் துண்டு, உள்ளே கரி. முதல் பக்கப்பலகை இடுப்பில் பிளந்தது. இரண்டாவதும். மூன்றாவதை முந்தாநாள் ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அவசரமில்லாமல் செய்தேன். அம்மா எழுதியது சரி, அந்த நொடி கையில் தெரிகிறது. வளைந்தது வளைந்தபடி அச்சில் கட்டி வைத்திருக்கிறேன்.

மெட்டுப் பலகைக்கு 381 கணக்குப் போட்டுவிட்டேன், தலையிலிருந்தே அளந்தேன், 12ஆவது 190.5இல் நின்றது. ஒரு சந்தேகம் மட்டும். தலைப்பக்க அகலம் 35 மில்லி வைப்பதா, 38 வைப்பதா? மகளுக்கு பத்து வயது. கையைக் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன், படம் இணைத்திருக்கிறேன். சுண்டுவிரலில் மருதாணி தெரியும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கடலோரத்தி, ஞாயிறு, மதியம் 1.45

35 போதும் ஐயா. கழுத்தை மெல்லிசாக வையுங்கள். பின்பலகையை மூடுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு ஒரு பென்சில் கொடுங்கள்.